காடு இருக்கும்வரை கப்பல்

எங்க ஊர்ப்பக்கம் ஒகேனக்கல் பரிசலை மூங்கில் பிளாச்சில் பின்னுவார்கள். முன்பு அடியில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். பிளாச்சு ஒடிந்தால் வேறு சொருகுவார்கள், தாள் கிழிந்தால் மாற்றுவார்கள். 'இது பழைய பரிசல்தானா?' என்று யாரும் மண்டையைக் குடைந்துகொள்வதில்லை.

தத்துவக்காரர்கள் குடைந்துகொண்டார்கள். தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் மிஞ்சுவது அதே கப்பலா? புளூட்டார்க் எழுதிவைத்த புதிர் இது. எனக்கு அதில் உறுத்துவது வேறு. புதுப் பலகை எங்கிருந்து வந்தது? பக்கத்தில் ஒரு காடு இருக்கிறது என்று அந்தப் புதிர் சத்தமில்லாமல் நம்புகிறது.

பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுதுபார்க்க உட்கார்ந்தால் அந்தக் காடு இல்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிடும். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வந்தது. 2003இல் தயாரிப்பு நின்றது. 2007 அக்டோபருக்குப் பிறகு பாகங்கள் கிடைக்காமல், செய்த கம்பெனியே பழுதுபார்ப்பதை நிறுத்திக்கொண்டது. நாமெல்லாம் 'டிவி கேம்' என்று ஆடியது பெரும்பாலும் இதன் நகல்களைத்தான். பின்னாளில் வந்த நகல்களைத் திறந்தால் போர்டு நடுவில் ஒரு கறுப்புப் பிசின் பொட்டு இருக்கும். மொத்த மூளையும் அதற்கடியில். அது போனால் போனதுதான்.

ஃபேமிகாமில் அப்படியில்லை. 7805 ரெகுலேட்டரோ கெப்பாசிட்டரோ போனால் ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் டீக்காசுக்குக் கிடைக்கும். அதுக்கெல்லாம் காடு உண்டு. ஆனால் ரிக்கோ செய்த அந்த இரண்டு சிப்புகள், பிராசஸரும் படம் வரைவதும், இனி வரப்போவதில்லை. இணையத்தில் வாங்கினால் மேல்பரப்பைத் தேய்த்துப் புதுப்பெயர் அச்சடித்த ஏதோ ஒன்று வந்து சேரலாம். நிச்சயமாகக் கிடைக்கும் இடம் ஒன்றுதான், இன்னொரு ஃபேமிகாம். அதை 'டோனர்' என்கிறோம். கண்தானம் செய்தவரையும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் அவர் சம்மதித்திருந்தார்.

மெஷினுக்கு வலிக்கும் என்று சொல்ல வரவில்லை, அவ்வளவு முத்திப்போகவில்லை. கணக்குதான் இடிக்கிறது. ஒன்றைப் பிழைக்க வைக்கும்போது உலகத்தில் இன்னொன்று குறைகிறது. இருபது வருடம் கழித்து இதைத் தேடப்போகிறவரின் பங்கிலிருந்து எடுக்கிறேன். "என் காசு, என் பொருள்" என்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 1989 மாடல் கேம்பாயின் உறையை அறுத்து, பளபளப்பான ஐபிஎஸ் திரை பொருத்துவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. புதுத்திரை மேல் எனக்குக் கோபமில்லை, அதைத் தொழிற்சாலையில் இன்னும் செய்கிறார்கள். அறுத்த உறைதான் திரும்ப ஒட்டாது. செத்ததில் செய்யுங்கள், உயிரோடிருப்பதில் வேண்டாம்.

அப்போ தொடாமலே பீரோவில் பூட்டி வைத்துவிடலாமா? அதுவும் நடக்காது. சேகாவின் கேம் கியரில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சும்மா கிடந்தாலே கசிந்து போர்டின் செப்புத்தடங்களை அரிக்கும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது செத்துக்கொண்டிருக்கும்.

இப்போது என் மேசையில் இரண்டு ஃபேமிகாம். ஒன்றில் பிராசஸர் போச்சு, மற்றதில் படச் சிப். இரண்டையும் சேர்த்தால் ஒன்று ஓடும், மற்றது வெறும் கூடு. எதைக் கூடாக்குவது? ஒன்றின் அடியில் யாரோ ஒரு குழந்தை ஆணியால் கீறிய ஜப்பானிய எழுத்துகள். என்ன பெயரோ, எனக்குப் படிக்கத் தெரியாது. மற்றதன் உறை மஞ்சளடிக்காமல் வெள்ளையாக இருக்கிறது, விற்றால் நல்ல விலை போகும். நண்பன் காசைச் சுண்டிப்போடச் சொன்னான்.

சுண்டவில்லை. இரண்டு சிப்புக்கும் நாற்பது நாற்பது கால். இரண்டு போர்டிலும் பழைய ஈயத்தை நிதானமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, சிப் இருந்த இடங்களில் சாக்கெட் வைக்கப் போகிறேன். நல்ல சிப்புகள் இந்த மாதம் இதில், அடுத்த மாதம் அதில். ஓட்டைச் சிப்புகளும் பெயர் எழுதிய கவரில் இருக்கும். ஈயம் எடுக்கும்போது சூடு கூடினால் செப்புத்தடம் பெயர்ந்து வரும், அந்தப் பயம் இருக்கு. நாற்பது கால் சாக்கெட் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிறது. நாலு வேண்டும், ஆறாக வாங்கிவைத்திருக்கிறேன்.