ஆலங்கனிக்குள் ஒரு வேள்வி

சாந்தோக்ய உபநிஷதத்தில் ஓர் அருமையான காட்சி வருகிறது. உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவிடம் ஓர் ஆலங்கனியைக் கொண்டுவரச் சொல்கிறார். கனி பிளக்கப்படுகிறது, உள்ளே நுண்ணிய விதைகள். அவற்றுள் ஒன்றையும் பிளக்கச் சொல்கிறார். அதனுள் மகனின் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. புலப்படாத அந்த நுண்பொருளிலிருந்தே இத்துணைப் பெரிய மரம் எழுந்து நிற்கிறது என்று தந்தை உணர்த்துகிறார். 'தத்துவமஸி' என்னும் மகாவாக்கியம் ஒலிக்கும் இடங்களுள் ஒன்று அது.

அந்த விதை கனிக்குள் எவ்வாறு வந்தது? அதற்கான விடையிலும் ஒரு தத்துவம் அடங்கியுள்ளது.

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌரா நகரில் உள்ளது சாந்த்ராகாச்சி. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிப்பூரில், 1787-இல் தோற்றுவிக்கப்பட்ட தாவரவியல் பூங்கா இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற பேராலமரம் அங்கேதான் உள்ளது. நோயுற்ற அதன் அடிமரம் 1925-இல் அகற்றப்பட்ட பின்னும், ஆயிரக்கணக்கான விழுதுகளைத் தாங்கி ஒரு தோப்பைப்போல் அது விளங்குகிறது.

ஆலின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. காயின் உள்ளேயே மலர்கின்றன. அவற்றுக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பது எள்ளினும் சிறிய ஒரு குளவி. காயின் நுனியிலுள்ள குறுகிய வாயில் வழியாகப் பெண் குளவி நுழையும்போது அதன் சிறகுகள் ஒடிந்துவிடுகின்றன. உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, முட்டைகளை இட்டு, அங்கேயே அது உயிர் துறக்கிறது. அதன் பெண்மக்கள் புதிய மகரந்தத்துடன் அடுத்த மரத்தை நாடிப் பறக்கின்றன. அந்தச் சிற்றுயிர் இல்லையேல் ஆலுக்கு விதையில்லை. சுவேதகேது பிளந்து பார்க்க ஏதும் இருந்திராது.

சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரிக்குக் குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகி முதலான நீர்ப்பறவைகள் வருகின்றன. ஏரியில் கழிவுநீர் கலந்தபோது அன்பர்கள் வருந்தினர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கண்ணுக்குத் தெரியும் விருந்தினருக்காகப் பேச மனிதர் இருக்கின்றனர். கண்ணில் படாத விருந்தினருக்காகப் பேசுவோர் யார்?

உலகின் முக்கிய உணவுப்பயிர் வகைகளில் முக்காற்பங்குக்கு மேல் தேனீ, வண்டு, வௌவால் போன்ற உயிர்களின் உதவியை ஓரளவேனும் நாடுகின்றன என்று 2016-இல் ஐ.நா. ஆதரவு பெற்ற அறிவியல் மன்றம் ஒன்று அறிவித்தது. பூச்சிகளை நம்பியுள்ள காய்கறிகளின் விளைச்சல் மற்றப் பயிர்களைப்போல் உயரவில்லை என்று 2010-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரித்தனர். பூச்சிக்கொல்லிகள், அழியும் புதர்க்காடுகள், மாறும் பருவநிலை ஆகியவை காட்டுத் தேனீக்களை ஒடுக்குகின்றன. மலர்ந்த பூவை வண்டு தானே தேடி வரும் என்பது ஆன்றோர் கூறும் உவமை. பூ மலர்ந்தும் வண்டு வராத காலம் வருமானால், அந்த உவமைக்கே பொருள் இராது.

கீதையின் மூன்றாம் அத்தியாயம் உலகை ஒரு வேள்விச் சக்கரமாகக் காட்டுகிறது. ஒருவரையொருவர் பேணுவதால் அனைவரும் உயர்கின்றனர். பெற்றதற்கு ஈடாக எதுவும் தராமல் உண்பவனைப் பகவான் திருடன் என்கிறார். குளவி தன் உயிரையே அச்சக்கரத்தில் ஆகுதியாக இடுகிறது. மனிதன் இடும் ஆகுதி எது? இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து வேள்விகளில் பூதயக்ஞமும் ஒன்று. எறும்புக்கு உணவாகட்டும் என்று அரிசி மாவால் கோலமிட்ட நம் அன்னையர் அதை அறிந்திருந்தனர்.

அதைத் தொடர்வது கடினமன்று. துளசியின் பூங்கதிர்கள் அனைத்தையும் கிள்ளிவிடாமல் சிலவற்றைத் தேனீக்களுக்கு விட்டுவைக்கலாம். காட்டுத் தேனீக்களில் பல மண்ணில் வளை அமைப்பவை. ஆகவே முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாமல் ஒரு மூலையை மண்ணாகவே விடலாம். பயிர் பூத்திருக்கும் வேளையில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம். மரக்கிளையில் உள்ள தேன்கூட்டைக் கொளுத்தாமல் இருக்கலாம். இவற்றைப் பூஜையின் ஓர் அங்கமாகவே கருதிச் செய்ய வேண்டும்.

ஆலமரத்தின் கீழ் நின்று வணங்கும் கைகள், அதன் கனிக்குள் உயிர் நீத்த சிற்றுயிரையும் சேர்த்தே வணங்கட்டும். சுவேதகேது கண்ட நுண்பொருள் அதனுள்ளும் உறைகிறது.