அட்டையோடு கேட்டு வாங்குங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களே, மூக்கொழுகுகிறது, உடம்பு அரிக்கிறது என்று கடையில் உதிரியாக வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டு உலைக்கும் உருட்டாலைக்கும் முன்னால் போய் நிற்காதீர்கள்.

அவில், சி.பி.எம். போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள் மூளைவரை போய் விழிப்பைக் குறைப்பவை. செட்ரிசின் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் பலருக்குத் தூக்கம் வரும். "எனக்குத் தூக்கமே வரவில்லை" என்பவருக்கும் கை ஒரு நொடி பிந்தலாம். இரும்பு பழுக்கக் காய்ந்து ஓடிவரும் இடத்தில் அந்த ஒரு நொடியில் விரல் போய்விடும், உயிரும் போய்விடும். ஷிப்டு முடிந்து ஜி.என்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் திரும்புகிறவருக்கும் இதே ஆபத்துதான். மாத்திரை போட்ட அன்று மது வேண்டவே வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது காகிதப் பொட்டலம். அலர்ஜிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கூடவே 'சத்து மாத்திரை' ஒன்று. சளி மாத்திரைகள் பலவற்றில் சி.பி.எம். ஏற்கெனவே இருக்கிறது, ஒரே வகை மருந்தை இரட்டிப்பாக விழுங்குகிறீர்கள். சத்து மாத்திரை என்று தந்தது வைட்டமின்தானா? அட்டை இல்லாமல் எப்படித் தெரியும்? டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுகள் அரிப்பைச் சட்டென்று அடக்கும், பசியைத் தூண்டும், தெம்பு வந்ததுபோலக் காட்டும். அதனாலேயே சத்து என்று நம்பிவிடுகிறோம். வாரக்கணக்கில் தின்றால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும். நீண்ட நாள் தின்றதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே வெட்டித் தந்தாலும் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி கேளுங்கள். கடைக்காரர்களே, தயவுசெய்து பொட்டலம் மடிப்பதை இன்றோடு விடுங்கள்.

சாதாரண அளவு வைட்டமின் மாத்திரை செட்ரிசினோடு பெரிதாக மோதுவதில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். அளவுதான் முக்கியம். வாரம் ஒன்று என எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் போட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். தூக்கம் குறைவாகத் தரும் ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றோடும், அலுமினியம், மக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தோடும் சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது; தண்ணீரே போதும். மான்டிலூகாஸ்ட் கலந்த அலர்ஜி மாத்திரை போடத் தொடங்கிய பின் கெட்ட கனவோ மனக்கலக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், சத்து மாத்திரை உட்பட நீங்கள் போடும் அத்தனையையும் காட்டுங்கள்.

ஆலைக்குள் அரிக்கிறது, வாரவிடுமுறையில் குறைகிறது என்றால் காரணம் ஆலைத் தூசியாகவோ புகையாகவோ இருக்கலாம். அதை மாத்திரையால் மூடி மறைக்காதீர்கள். தூசியையும் புகையையும் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுவது நிர்வாகத்தின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. மேற்பார்வையாளர்களே, மாத்திரை போட்டிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை இயந்திரத்திலிருந்து மாற்றுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள். இ.எஸ்.ஐ. காப்பீடு இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள். தகுதியுள்ளவருக்கு மருத்துவச் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்பில் 70 சதவீத ஊதியம் உண்டு.

பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் இருந்தால் இதை அவனுக்கும் புரியவையுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இறுகினால், இன்னொரு மாத்திரை தேடாமல் 108-ஐ அழையுங்கள்.