சந்தேகத்தின் பலன்

நீதிமன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி ருசுவாகாவிட்டால், சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து அவனை விடுதலை செய்துவிடுவார்கள். மனிதன் மனிதனுக்காக வகுத்துக்கொண்ட நியாயம் இது. எதிரி கூண்டில் நிற்கிறான். அவனுக்கு ஒரு முகம் இருக்கிறது. அவனுக்காகப் பேச ஒரு வக்கீலும் இருக்கிறார். ஆனால் முகமே இல்லாத ஒன்றுக்கு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்றுக்கு, சந்தேகத்தின் பலனைக் கொடுக்க முடியுமா? கொடுக்கத்தான் வேண்டுமா?

2003-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி அப்படிக் கொடுத்தார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

1610-ல் இத்தாலி தேசத்துக் கலீலியோ, தாமே செய்த தூரதிருஷ்டிக் கண்ணாடியால் வியாழக் கிரகத்தைப் பார்த்தார். அதன் அருகே நான்கு ஒளிப்புள்ளிகள் இடம் மாறி மாறித் தோன்றின. அவை வியாழனைச் சுற்றும் சந்திரன்கள் என்று கண்டுகொண்டார். அவர் பெயரையே சூட்டி, அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் 1989 அக்டோபர் 18-ந் தேதி வியாழனை நோக்கி ஒரு விண்கலத்தை அனுப்பியது.

புறப்பட்ட வேளை நல்ல வேளை இல்லையோ என்று நினைக்கும்படி ஆயிற்று. செய்தி அனுப்புவதற்காகக் குடைபோல் மடித்து வைத்திருந்த பெரிய ஆண்டெனாவை 1991-ல் விரிக்கப் பார்த்தார்கள். குடை விரியவில்லை, அதன் கம்பிகள் சில சிக்கிக்கொண்டுவிட்டன. விநாடிக்கு 1,34,000 பிட் தகவல் அனுப்ப வேண்டிய கலம், சின்ன ஆண்டெனாவை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதாயிற்று. பூமியில் இருந்தவர்கள் செய்தியைச் சுருக்கி அனுப்பும் உபாயங்களைப் புதிதாக வகுத்தும், விநாடிக்கு 160 பிட்டுக்கு மேல் வரவில்லை. ஆறு ஓட வேண்டிய இடத்தில் குழாய் சொட்டியது.

அந்தச் சொட்டுச் சொட்டான தண்ணீரிலேதான் இத்தனையும் விளைந்தது! 1994 ஜூலையில் ஒரு வால்நட்சத்திரத்தின் துண்டுகள் வியாழன்மீது மோதியதை அந்தக் கலம் வழியிலிருந்தே நேராகப் பார்த்தது. 1995 டிசம்பர் 7-ந் தேதி வியாழனை அடைந்தது. அன்று அதன் துணைக்கலம் ஒன்று வியாழனின் வாயுமண்டலத்துக்குள் விழுந்து, 58 நிமிஷம் சேதி சொல்லிவிட்டு ஓய்ந்தது. அதன்பின் பெரிய கலம் ஆண்டுக்கணக்கில் வியாழனைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தது.

அப்படிச் சுற்றியபோதுதான் யூரோப்பாவின் ரகசியம் சற்றே வெளிப்பட்டது. கலீலியோ கண்ட நான்கு சந்திரன்களில் ஒன்று அது. மேலெல்லாம் பனிக்கட்டி. வியாழனின் காந்த சக்தி யூரோப்பாவைத் தாண்டிப் போகும்போது ஏற்பட்ட மாறுதல்களைக் கொண்டு, பனிக்கட்டியின் அடியில் உப்பு நீர்க் கடல் இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். தண்ணீர் இருந்தால் உயிரும் இருக்கலாம். ‘இருக்கலாம்’தான், அதற்குமேல் ஒரு சொல்கூடச் சொல்வதற்கில்லை.

இங்கேதான் தர்மசங்கடம். கலத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டு வந்தது. தீர்ந்துவிட்டால் அதைத் திருப்ப முடியாது. எந்தக் காலத்திலாவது அது யூரோப்பாமீது போய் விழுந்தாலும் விழலாம். அதுவோ முற்றிலும் கிருமி நீக்கி அனுப்பப்பட்டதல்ல. பூமியின் கிருமி ஏதேனும் அதில் பிழைத்துக் கிடந்து, அந்தக் கடலில் கலந்துவிட்டால்? அந்நிய உலகங்களை மாசுபடுத்தக்கூடாது என்று 1967-ல் நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டதும் உண்டு. ஆகவே, எரிபொருள் மிச்சமிருக்கும்போதே கலத்தை வியாழனை நோக்கித் திருப்பிவிட்டார்கள். விநாடிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து அது அழிந்தது. அதனோடு உழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் கலிபோர்னியாவில் கூடி அதற்கு விடைகொடுத்தார்கள்.

‘இது என்ன அசட்டுத்தனம்?’ என்று வாசகர்கள் கேட்கலாம். ‘கண்ணுக்குத் தெரியாத கிருமிக்காக, அதுவும் இல்லாமலே போகக்கூடிய கிருமிக்காகவா இத்தனை பாடு?’ இன்னும் கூர்மையாகவும் கேட்கலாம்: ‘இதில் கருணை எங்கே இருக்கிறது? நாளைக்கு அங்கே உயிரைக் கண்டால், அது அந்த ஊர் உயிரா, நாம் கொண்டுபோய்ப் போட்டதா என்று குழம்பக்கூடாது. அதற்காகச் செய்த முன்யோசனை அல்லவா இது?’

உண்மைதான். சுயநலம் இதில் கலந்தே இருக்கிறது. ஆனால் திருடனுக்குப் பயந்து ஒருவன் திண்ணையில் விளக்கேற்றி வைத்தாலும் வழிப்போக்கனுக்கு அது வெளிச்சம்தான். நோக்கத்தைச் சலித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் உலகத்தில் ஒரு நற்செயலும் தேறாது.

முன்னொரு காலத்தில் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்தில் இறங்கியவர்கள் அம்மை நோயையும் கூடவே இறக்கினார்கள். அந்த மண்ணின் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். கிருமி என்ற ஒன்று உண்டென்றே வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வாளால் செய்த கொடுமைக்கு மன்னிப்பில்லை. ஆனால் இந்த ஒன்றுக்காவது ‘தெரியாது’ என்ற சமாதானம் அவர்களுக்கு உண்டு. நமக்கு அதுவும் இல்லை. நமக்குத் தெரியாது என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷமே கடமையும் பிறந்துவிடுகிறது.

‘அண்டை வீட்டானிடம் காட்டாத கருணையை ஆகாசத்தில் காட்டுவானேன்?’ என்ற கேள்விதான் என்னை உறுத்துகிறது. இதற்கு வியாழனைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. பூமியில் நாம் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுக்கிறோம்? வீட்டில் ஒரு வெள்ளித் தம்ளர் காணாமல் போனால், அது வேலைக்காரிக்குக் கிடைப்பதில்லை. ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கும்போது, ‘இதனால் மீன் சாகும் என்று ருசுப்படுத்து’ என்கிறோம்; பலன் ஆலைக்குப் போய்ச் சேருகிறது, மீனுக்கு அல்ல. எங்கும் வலியவன் பக்கமே சந்தேகம் சாய்கிறது. யூரோப்பா விஷயத்தில் மட்டும், வலியவனே நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். எதிர்த்துக் கேட்க ஒரு குரல்கூட இல்லாத இடத்தில் ஏற்றுக்கொண்டான்.

அது ஒரு நாள் கூத்தாகவும் போய்விடவில்லை. சனிக் கிரகத்தைச் சுற்றிய காசினி விண்கலத்தையும் 2017 செப்டம்பர் 15-ந் தேதி இதேபோல் சனிக்குள் செலுத்தி அழித்தார்கள். அங்கே என்ஸலாடஸ், டைட்டன் என்ற சந்திரன்கள் அப்படிக் காப்பாற்றப்பட்டன.

யூரோப்பாவின் கடல் உயிர் வாழத் தகுந்ததா என்று ஆராய, 2024 அக்டோபரில் இன்னொரு கலம் புறப்பட்டிருக்கிறது. 2030-ல் வியாழனை அடைய வேண்டும் என்பது ஏற்பாடு. என்றேனும் ஒருநாள், அந்தக் கடலில் ஒன்றுமே இல்லை, வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று முடிவானாலும் 2003-ல் செய்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன். தம்ளர் பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடைக்கலாம், கிடைக்காமலே போகலாம். காணாமல் போன அன்று அந்தப் பெண்ணை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதுதான் கணக்கில் நிற்கும்.