வகுப்புத் தலைவியும் ஆணவ மலமும்

கல்லூரியில் கால் வைத்த முதல் வாரமே பிள்ளைகளின் காதில் விழும் சொல் 'லீடர்ஷிப்'. தலைமைப் பண்பு இல்லையென்றால் மார்க் இருந்தும் பிரயோஜனமில்லை என்பார் விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர். "மன்றம் கின்றமெல்லாம் வேண்டாம், பாடத்தைப் படி" என்பார் வீட்டில் அப்பா. இதை வேலைவாய்ப்புக் கேள்வியாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். தென்காசி வட்டாரத்தில் அது சமயக் கேள்வியும்கூட.

காரணம், குற்றாலத்தில் 1964-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, திருக்குற்றாலநாத சுவாமி கோயிலின் கல்லூரி. அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் நடப்பது. சைவமோ உயிரைப் பிணிக்கும் மூன்று அழுக்குகளான மலங்களில் ஆணவத்தைத்தான் மூலமலம் என்கிறது. செம்பில் களிம்பு போல அது உயிரோடு ஒட்டியே இருப்பது. 'நான்', 'எனது' என்று தலைதூக்குவது. கோயில் நடத்தும் கல்லூரியில் ஒரு பெண்ணுக்கு பேட்ஜ் குத்தி, மேடையேற்றி, கைதட்டவும் வைத்தால் அந்த முனைப்புக்குத் தீனி போடுவதாகாதா?

இதற்கான விடை ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தென்காசியில், கல்லில் வெட்டிக் கிடக்கிறது. காசி விசுவநாதர் கோயிலைப் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன் அங்கே பொறித்து வைத்த பாடல்களில் தன் பெருமையைத் தேடினால் ஏமாற்றம்தான். முன்னின்று கட்டியவன் இறைவன், தன்னை அவன் வேலை வாங்கிக்கொண்டான் என்கிற தொனி. இன்னொரு பாடல் அதைவிட ஆச்சரியம்: இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவர்களை உலகறியப் பணிந்துவிட்டதாக அரசன் சொல்கிறான். இன்ன குலம், இன்ன பதவி என்ற நிபந்தனை எதுவும் இல்லை. இன்னும் பிறக்காதவர்களுக்கு முடிசூடிய ஒருவன் வணக்கம் வைக்கிறான்.

குறை வரத்தான் செய்தது. கோபுர வேலை முடியுமுன்பே அவன் காலம் முடிந்தது. தம்பி குலசேகரன் முடித்தான். பிறகு கோபுரம் சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரத்தையே பார்த்து வளர்ந்தன. இன்றிருக்கும் ஒன்பது நிலை ராஜகோபுரம், தினத்தந்தி அதிபராக இருந்த சிவந்தி ஆதித்தன் முன்னின்ற திருப்பணியில் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அரசன் பணிந்த ஆட்கள் வந்து சேர ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது!

தலைமையை மேற்குலகம் அளந்த விதம் வேறு. 1902-இல் இறந்த செசில் ரோட்ஸ், ஆக்ஸ்போர்டில் படிக்கத் தன் பெயரால் உதவித்தொகை ஏற்படுத்தியபோது, படிப்போடு தலைமை தாங்கும் இயல்பையும் பார்க்கச் சொல்லி உயில் எழுதினார். நல்ல யோசனைதான். ஆனால் 1970-களின் நடுப்பகுதி வரை பெண்கள் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. தலைமைக்கு முகம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால் வருகிற கோளாறு இது. நம் வகுப்பறைகளிலும் நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளையைத்தான் 'ரெப்' ஆக்குகிறோம். நோயின் பெயர் வேறு, நோய் ஒன்றுதான்.

இனி, 'பாடத்தைப் படி' என்ற அப்பாவின் கவலை. மாணவர் தேர்தல் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி வேட்பாளருக்கு அந்த ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதமாவது வேண்டும், செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அப்பாவின் கவலைக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது: முதலில் படி, பிறகு நில்.

சரி, படிப்புக்குத் தலைமைப் பண்பால் லாபம் உண்டா? செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் ஏதாவது ஒரு மகளிர் விடுதி வராந்தாவைப் பார்த்தால் தெரியும். புள்ளியியல் தாளில் அரியர் வைத்த நாலு பேரை உட்கார வைத்து, பழைய கேள்வித்தாளைப் பரப்பி, திட்டவிலக்கத்தை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு எந்தப் பதவியும் இருக்காது. ஆனால் அந்தக் கணக்கு அவளுக்கு இனி ஆயுசுக்கும் மறக்காது. இந்த மாதிரித் தலைமை மார்க்கையும் கூட்டும், ஆளையும் வளர்க்கும். விழா மேடையில் மைக் பிடிக்கும் தலைமை பயோடேட்டாவில் ஒரு வரியைக் கூட்டும், அவ்வளவுதான்.

ஆணவத்துக்கு மருந்தாகச் சைவம் சொன்னதும் ஒதுங்கி உட்காருவது அல்ல, தொண்டு. சேக்கிழார் தம் நூலுக்கு வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். பெரியபுராணம் என்று பெயர் மாற்றி அழைத்தது ஊர். அந்த அடியார்களில் அரசரும் உண்டு, வேடரும் உண்டு, வண்ணாரும் குயவரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான தகுதி செய்த வேலை. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை கேட்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான். என்ன, முகாமின் கடைசி நாள் குரூப் போட்டோவில் முன்வரிசைக்கு நடக்கிற தள்ளுமுள்ளைப் பார்த்தால் மூலமலம் லேசில் போகாது என்று தெரியும்.

ஆகவே தலைமைப் பண்பு கல்லூரி வெற்றிக்கு வேண்டியதே, பதவி வேண்டியதில்லை. இந்த ஆண்டு 'சிறந்த மாணவத் தலைவர்' சான்றிதழ் அச்சடிக்கப்போகும் கல்லூரிகள், பெயருக்குக் கீழே வகித்த பொறுப்பை எழுதுவதற்குப் பதில், அந்தப் பிள்ளை யாருக்கு என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதட்டும். எழுத ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் சான்றிதழை வேறொருவருக்குக் கொடுக்கட்டும்.