வழக்காடித்தான் பெற வேண்டுமா?

2024 ஜூலையில் நாடெங்கும் ஒரே பேச்சு. மகாராஷ்டிரத்தில் பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் கொடுத்த மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் மெய்யா, பொய்யா? மாத இறுதியில் யுபிஎஸ்சி அவருடைய தேர்ச்சியையே ரத்து செய்தது. இந்தச் சந்தடியில், ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கு மாற்றுத்திறனாளி ஒதுக்கீடே எதற்கு என்று மூத்த அதிகாரி ஒருவர் சமூக ஊடகத்தில் கேட்டார்.

அதே ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அந்தப் பேச்சில் அமுங்கிப் போனது. பார்வை முற்றிலும் இல்லாத ஒருவர் 2008ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வை எழுதினார். பார்வையற்றோருக்கென 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஒதுக்கிய இடங்களோ நிரப்பப்படாமலே கிடந்தன. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் 2010இல் அவர் பக்கம் நின்றது. டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. மத்திய அரசு விடவில்லை. கடைசியில் அவருக்கும், தரவரிசையில் அவருக்கு மேலிருந்த பத்துப் பேருக்கும் வேலை தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். தேர்வெழுதிப் பதினாறு ஆண்டுக்குப் பிறகு! சம்பள நிலுவை கிடையாது, பணி மூப்பு கிடையாது.

சட்டம் கொடுத்ததை அரசே மறித்து நிற்பது அநீதி. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

உறுப்புக் குறை பழியன்று, முயலாமையே பழி என்று குறளுக்குப் பொருள் கண்ட மரபு நம்முடையது. இரட்டைப் புலவருள் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. ஏகாம்பரநாதர் உலாவைத் தமிழுக்குத் தந்தவர்கள் அவர்கள்தாம். அந்தகக்கவி வீரராகவர் பார்வையற்றவர். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் அப்படியே. இராமநாதபுரம் அவை அவரை அழைத்து உட்காரவைத்தது. இத்தனை முன்னோர் இருந்தும், நம் அலுவலகங்கள் ஆளைப் பார்க்குமுன் குறையைப் பார்க்கின்றன.

வேலைக்குத் தக்க ஆளா என்று ஆராய வேண்டாமா என்பார்கள். வேண்டும், வள்ளுவரும் ஆராய்ந்தே ஒப்படைக்கச் சொன்னார். பொய்ச் சான்றிதழுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. அதைத் தயங்காமல் பாய்ச்சட்டும். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோர் நீதிபதி ஆகவே முடியாதபடி விதி இருந்ததே, அதில் ஆராய்ச்சி எங்கே? 2025 மார்ச்சில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அதை நீக்க வேண்டியிருந்தது.

இதைவிட நுணுக்கமாகவும் வாசலை அடைக்கலாம். நூறு காலியிடத்தில் பத்தை மட்டும் 'மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது' என்று குறித்துவிட்டு, அந்தப் பத்துக்கு 1995 சட்டத்தின் மூன்று விழுக்காடு கணக்குப் போட்டால் ஒரு ஆள்கூடத் தேறாது. மொத்தக் காலியிடங்களுக்கே கணக்கிட வேண்டும் என்று 2013இல் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்த்துச் சொல்லும்வரை இந்தக் கணக்குதான் நடந்தது. ஏட்டில் ஒதுக்கீடு இருந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. பொய்ச் சான்றிதழ்காரர் ஓர் இடத்தைத் திருடுகிறார். இந்தக் கணக்கு ஒரு தலைமுறையின் இடங்களை விழுங்கியது. எது பெரிய குற்றம்?

இன்று ஒதுக்கீடு நான்கு விழுக்காடு. நிரம்பாத இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு துறையும் தன் பின்னடைவுக் காலிப்பணியிடங்களை ஆண்டுதோறும் தானே வெளியிட வேண்டும். தீர்ப்பாயத்தில் தோற்ற பிறகும் மேல்முறையீட்டுக்குப் போகச் சொல்லும் அதிகாரி, அதற்கான காரணத்தைக் கோப்பில் தன் பெயரோடு எழுத வேண்டும்.