தீயும் பிடிலும்

ரோமாபுரி பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் காலத்தில் பிடில் என்ற வாத்தியமே கிடையாது என்கிறார்கள் சரித்திரம் தெரிந்தவர்கள். ஆனாலும் கதை சாகவில்லை. வீடு எரியும்போது பாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்ற கேள்வி அதற்குள் உயிரோடு இருக்கிறதல்லவா?

அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் மைரா ஹெஸ் அம்மையார் என் நினைவுக்கு வருகிறார். 1890-ல் லண்டனில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பதினேழாவது வயதில் பீத்தோவனை வாசித்து அரங்கேறியவர். பின்னர் அமெரிக்காவிலும் பெரும் புகழ் பெற்ற பியானோ விதுஷி.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டனில் கச்சேரி மண்டபங்களை மூடிவிட்டார்கள். இரவில் தெருக்களில் விளக்கில்லை. அமெரிக்காவிலோ ஹெஸ்ஸுக்குக் கச்சேரிகள் காத்திருந்தன. அவர் போகவில்லை.

தேசிய ஓவியக் கூடத்துச் சித்திரங்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்த வெறும் சுவர்களுக்கிடையே பகல் வேளையில் கச்சேரி நடத்தலாமே என்று கூடத்தின் தலைவர் கென்னத் கிளார்க்கிடம் யோசனை சொன்னார் ஹெஸ். அக்டோபர் 10-ஆம் தேதி முதல் கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங். சிலர் வந்தாலே போதும் என்று எண்ணியிருந்த இடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது.

அன்று தொடங்கியது ஆறரை ஆண்டுகள் நடந்தது. 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள்; கேட்டவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். குண்டுமாரி பொழிந்த நாட்களில் கச்சேரி நிலவறைக்கு இறங்கியதே தவிர, நின்றுவிடவில்லை. ஹெஸ் ஊதியம் பெறவில்லை.

மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், "இந்த நேரத்திலா பாட்டு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இசை ஒரு தீயையும் அணைத்ததில்லை; ஒரு காயத்துக்கும் கட்டுப் போட்டதில்லை. இதை மறைத்துவிட்டுக் கலையின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதையில் வரும் நீரோ தீயின் சூடு படாத இடத்தில் இருந்துகொண்டு, தனக்காக வாசித்தான். ஹெஸ்ஸோ, எந்தக் கூரையின்மேல் குண்டு விழக்கூடுமோ அந்தக் கூரையின் கீழ் அமர்ந்து, ஒரு ஷில்லிங் கொடுத்து வந்தவர்களுக்காக வாசித்தார். வாசித்தது யாருடைய இசையை? பாக்கும் பீத்தோவனும் ஜெர்மானியர்கள்! குண்டு போட்டவன் ஜெர்மானியன் என்பதற்காகப் பாக்கை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. பகைவனை எதிர்ப்பது ஒன்று. பகைவன் நாட்டில் பிறந்த நல்லதையெல்லாம் வெறுப்பது வேறொன்று. யுத்த காலத்தில் அந்தக் கோட்டை அழியாமல் காப்பது லேசான காரியமா?

1965-ல் ஹெஸ் காலமானார். உலகில் எங்காவது தீ எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கதை எழுதுகிறவனும் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. இது பாட்டுக்கு நேரமா என்று என்னையே கேட்டுக்கொள்வதை நான் விட்டுவிட்டேன். எங்கே உட்கார்ந்திருக்கிறேன், யாருக்காக என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்லா நாளும் நல்ல பதில் கிடைப்பதில்லை.