மௌனமாக இருப்பது இல்லாமல் போய்விடாது!

'நமக்கு இவ்வளவுதான்' என்ற சொல்லை இன்றோடு விட்டுத் தொலை! ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் கண்ணயரும் தம்பியே, ஹாஸ்டல் அறையில் மறுநாளைக்குச் சீருடையை மடித்து வைக்கும் தங்கையே, உங்களிடம்தான் பேசுகிறேன். லைனில் நின்று நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்கிறாய். செய்யச் செய்ய, அந்த ஒரு வேலைதான் உனக்கு வரும் என்று நீயே நம்பத் தொடங்கிவிட்டாய். அது பொய். அதற்குச் சாட்சி உன் உடம்பிலேயே இருக்கிறது.

சாட்சியின் பெயர் உட்கரு. 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியின் செல்களை ஆராய்ந்து அதற்குப் பெயர் சூட்டினார். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குகூடத் தேறாத உருண்டை அது. உன் செல்லில் அதற்குள் 46 குரோமோசோம்கள். அவற்றின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர்! சுற்றிலும் இரட்டைச் சவ்வு, சவ்வெங்கும் நுண்துளைகள். டி.என்.ஏ. உள்ளேயே பத்திரமாக இருக்கும். தேவையான பகுதியின், அதாவது ஜீனின், நகல் மட்டும் ஆர்.என்.ஏ.வாகத் துளை வழியே வெளியேறும். வெளியே ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதம் செய்யும்.

இப்போது கவனமாகக் கேள். உன் கல்லீரல் செல்லின் உட்கருவில் கல்லீரலுக்கான ஜீன்கள் மட்டுமா இருக்கின்றன? கண்ணுக்கானவை, எலும்புக்கானவை, மூளைக்கானவை எல்லாமே இருக்கின்றன. கல்லீரல் செல் தனக்கு வேண்டியதை மட்டும் படிக்கிறது. மற்றவை இறுகச் சுருண்டு, பேசாமல் கிடக்கின்றன. ஆனால் அழியவில்லை!

நம்பிக்கை வரவில்லையா? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர் பக்கம் போய்ப் பார். மாங்கன்று ஒட்டுக் கட்டுவதே அங்கே பலருக்குப் பிழைப்பு. கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையை வெட்டி, நல்ல தாய்மரத்தின் விரல் நீளக் குச்சியை அதில் செருகிக் கட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் அந்தக் குச்சி கிளைத்து, தாய்மரத்தின் அதே காயைக் காய்க்கிறது. எப்படி? அந்தச் சின்னக் குச்சியின் ஒவ்வொரு உட்கருவிலும் தாய்மரத்தின் 40 குரோமோசோம்களும் முழுசாக இருக்கின்றன. வெட்டுப்பட்டும் அவை குறையவில்லை.

விலங்குகளிலும் அப்படித்தான் என்று காட்டியவர் ஜான் கர்டன். பள்ளியில் உயிரியலில் 250 மாணவர்களில் கடைசி இடம். விஞ்ஞானியாகும் நினைப்பே கேலிக்குரியது என்று 1949இல் அவருடைய ஆசிரியர் அறிக்கையில் எழுதினார். அதே மனிதர் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்தார். பெரும்பாலான முட்டைகள் வீணாயின. அவர் விடவில்லை. சில முட்டைகள் இயல்பான தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன! குடல் வேலை பார்த்துக்கொண்டிருந்த உட்கரு, இடம் மாறியதும் ஓர் உயிரையே கட்டி எழுப்பியது. 1962இல் முடிவை வெளியிட்டார். 2012இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பள்ளி அறிக்கையைச் சட்டம் போட்டு வைத்திருந்தார் கர்டன்.

'எங்கள் வம்சத்தில் யாரும் படித்ததில்லை' என்கிறாயா? உலகில் எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ. ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒன்றுதான். உன் தாத்தாவுக்குக் கிடைக்காமல் போனது பள்ளிக்கூடம். மூளை அவருக்கும் இருந்தது, உனக்கும் இருக்கிறது. வாய்ப்பு மறுக்கப்பட்ட கதையை ரத்தத்தின் கதையாக யார் சொன்னாலும் நம்பாதே!

இன்னொன்றையும் மனதில் வை. தூங்கும் ஜீன் பல நேரம் வெளியிலிருந்து வரும் சைகையால்தான் விழிக்கிறது. உனக்கும் சைகை வேண்டும். அது உன்னைத் தேடி வராது, நீதான் தேடிப் போக வேண்டும். பக்கத்து மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஆபரேட்டரிடம் கேள். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் பழுது பார்க்கும்போது பக்கத்தில் நின்று பார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் இது. பட்டணத்துப் பிள்ளைக்கு வராத மூன்று மொழி உன் நாக்கில் இருக்கிறது, அதையே மூலதனமாக்கு. பாதியில் விட்ட படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் முடி. உடம்பு அசந்த நாளில் தூங்கு, அதில் குற்றமில்லை. மறுநாள் மீண்டும் புத்தகத்தைத் திற.

ஒப்பந்தத் தொழிலாளி என்பது இன்று நீ பார்க்கும் வேலை. அது உன் அளவு ஆகாது. உன்னை அளக்கும் உரிமையை சூப்பர்வைசரிடமோ சொந்தக்காரரிடமோ கொடுத்துவிடாதே. கற்க வேண்டிய ஒன்றை இந்த வாரமே தேர்ந்தெடு. இன்றைக்கே அதன் முதல் பாடத்தைத் தொடங்கு!